அந்த ஃபில்லட்டை ஏன் எடுத்தீர்கள்?

என் ஆபீஸ் டிராயரில் உடைந்த பம்ப் ஷாஃப்ட் ஒன்று கிடக்கிறது. கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்யும்போது அதை மேசைமேல் வைப்பேன். "இது ஏன் இந்த இடத்தில் உடைந்தது?" அவ்வளவுதான் கேள்வி. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதைக் கையில் எடுப்பதே இல்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு "ஸ்ட்ரெஸ் அதிகமானதால் சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதை முதன்முதலாக என்னிடம் நீட்டிக் கேட்டபோது எனக்கு நான்கு வருட அனுபவம் இருந்தது. நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன்.

நான் கல்லூரியில் சேர்ந்தது 2007இல். பொறியியலுக்கு நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டு, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கவுன்சிலிங் நடத்திய முதல் வருடம் அது. கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. ஜாமீன் கேட்காத வரம்பு 4 லட்சம் என்பதால் அதற்குள் அடங்குகிற மாதிரி கல்விக் கடன். சித்தப்பாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை இருந்தது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் மெக்கானிக்கல் என்றால் ஒரு சொந்தம்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது, 2008 செப்டம்பரில், நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தோம். 2009இல் படிப்பு முடித்த சீனியர்கள் ஆஃபர் லெட்டரை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். சேரும் தேதி மட்டும் வரவில்லை. கல்லூரி பயந்துவிட்டது. அடுத்த செமஸ்டரில் வெள்ளிக்கிழமை மதியம் இருந்த, பாகங்களைத் துல்லியமாக அளக்கப் பழகும் மெட்ராலஜி லேப் மூன்று மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. மிச்ச நேரத்தில் ஆப்டிட்யூட் வகுப்பு. வெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் மைக் வைத்து நடத்துவார். இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை எத்தனை மணி நேரத்தில் நிரப்பும்? கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் பம்ப் பட்டறைகள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை எப்படி பேலன்ஸ் செய்கிறார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒருவனுக்கும் தெரியாது. தொட்டிக் கணக்கை மட்டும் நாற்பது விநாடியில் போடுவோம்.

கல்லூரியை மட்டும் திட்டிப் பயனில்லை. அன்றைக்குக் கேம்பஸுக்கு வந்த நிறுவனங்கள் கேட்டது அதைத்தான். பத்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது, ஆப்டிட்யூட்டில் தேற வேண்டும், ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். மெக்கானிக்கலா சிவிலா என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை, எப்படியும் மூன்று மாதம் அவர்களே பயிற்சி கொடுத்துவிடுவார்கள். ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியும் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர்தான் வெளிநாட்டு வேலைகளை இங்கிருந்து செய்யத் தகுதியானவர் என்று அதில் இருந்தது. எங்கள் கல்லூரிக் கருத்தரங்குகளில் அந்த 25 சதவீதத்தைச் சொல்லாத பேச்சாளரே கிடையாது. தகுதி என்றால் எந்த வேலைக்குத் தகுதி என்று நாங்கள் யாரும் எழுந்து கேட்கவில்லை.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஐ.டி.க்குப் போனார்கள். என் அறை நண்பன் நான்கு வருடம் தெர்மோடைனமிக்ஸ் படித்துவிட்டு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்ஃப்ரேமில் கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பிடிவாதமாக, படித்த துறையிலேயே 'கோர்' வேலைதான் வேண்டும் என்று காத்திருந்து, 2011இல் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு இன்ஜினியரிங் சர்வீசஸ் நிறுவனத்தில் சேர்ந்தேன். ஐ.டி.யில் சேர்ந்தவனுக்கு வருடத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம், எனக்கு 1.8 லட்சம். அம்மா ஊரெல்லாம் "பையன் கார் டிசைன் பண்றான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் செய்தது மெஷ். காரின் ஒரு பாகம் மோதலில் எப்படி நசுங்கும், குலுக்கலில் எத்தனை நாள் தாங்கும் என்று கணினியில் பார்க்க வேண்டுமானால், அந்த வடிவத்தை முதலில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். பாகத்தின் மேல் கொசுவலை போர்த்திய மாதிரி இருக்கும். காலையில் வந்தால் சர்வரில் பாகங்கள் காத்திருக்கும். வடிவத்தில் இருக்கும் கிழிசல்களைத் தைக்க வேண்டும், தகட்டுப் பாகமென்றால் நடுப்பரப்பை எடுக்க வேண்டும், மெஷ் போட்டு, பிறகு தரச் சோதனை. வார்ப்பேஜ், ஸ்க்யூ, ஜேகோபியன், ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு. வரம்பு தாண்டிய கட்டங்கள் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பை எல்லாம் இழுத்து இழுத்துப் போக்க வேண்டும். கிளையன்ட் ஜெர்மனியில். அவர்கள் காலை ஒன்பதுக்குக் காபியோடு உட்காரும்போது கோடையில் நமக்கு மதியம் பன்னிரண்டரை. அதற்குள் முதல் தவணை போயிருக்க வேண்டும்.

நான்கு வருடத்தில் என் கைவழியே ஆயிரக்கணக்கான பாகங்கள் போயிருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. அந்தப் பாகத்தின் மேல் எவ்வளவு விசை விழும், முடிவு என்ன வந்தது, வடிவத்தை மாற்றினார்களா, எதுவும் இங்கே வராது. ஒரு பொறியாளரின் வேலையைக் கேக் மாதிரி வெட்டி, நடுத்துண்டை மட்டும் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று பில். கிளையன்ட்டைத் திட்டவும் முடியாது, அவனுக்கு அது லாபம். அந்த நடுத்துண்டுதான் என் கல்விக் கடனை அடைத்தது, தங்கை கல்யாணத்தை நடத்தியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2015இல் என்னை, மோதலைப் பார்க்கும் கிராஷ் குழுவிலிருந்து, குலுக்கலில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கும் டியூரபிலிட்டி குழுவுக்கு மாற்றினார்கள். இரண்டாவது வாரம் ஒரு வார்ப்பு பிராக்கெட் வந்தது. மூலையில் 4 மில்லிமீட்டர் ஃபில்லட். ஃபில்லட் என்றால் இரண்டு பரப்புகள் சேரும் உள்மூலையில் கொடுக்கும் சின்ன வளைவு. கிராஷ் குழுவில் இருந்தபோது 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஃபில்லட்டை எல்லாம் நீக்கிவிட்டு மூலையைக் கூராக்கிவிடுவது வழக்கம். கை தானாகவே அதைச் செய்தது. தரச் சோதனையில் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் கால். வழக்கமாகப் பேசுபவர் எங்கள் ஆன்சைட் கோஆர்டினேட்டர். அன்று கிளையன்ட் பக்கத்துப் பொறியாளரே வந்திருந்தார். திரையில் என் பிராக்கெட்.

"அந்த ஃபில்லட்டை ஏன் எடுத்தீர்கள்?"

"கைட்லைனில் இருக்கிறது. 14ஆம் பக்கம்."

"அது கிராஷ் கைட்லைன். நாம் இங்கே ஃபெடீக் பார்க்கிறோம், திரும்பத் திரும்பச் சுமை விழுந்து உலோகம் களைத்து உடைவதை. இந்த பிராக்கெட் உடைந்தால் அந்த ஃபில்லட்டில்தான் உடையும். அதைத்தான் நான் பார்க்க வேண்டும், அதையே காணவில்லை."

நான் மியூட்டில் இல்லை, ஆனாலும் எதுவும் பேசவில்லை. கோஆர்டினேட்டர் சமாளித்தார்: திருத்தி இன்றைக்கே அனுப்பிவிடுகிறோம். அனுப்பியும் விட்டோம். எங்கள் நிறுவனத்தில் இதற்கு எடுத்த நடவடிக்கை, செக்லிஸ்டில் ஒரு வரி கூடியது: 'டியூரபிலிட்டி எனில் ஃபில்லட்டை நீக்கக் கூடாது.' 63ஆவது வரி. ஏன் என்று அதிலும் இல்லை.

எனக்கு வலித்தது வேறு விஷயம். ஐந்தாம் செமஸ்டரில் படிவைத்த ஷாஃப்ட் கணக்கை டிசைன் டேட்டா புக்கைத் திறந்து போட்டவன் நான். பெரிய விட்டம், சிறிய விட்டம், ஃபில்லட் ஆரம், மூலையில் ஸ்ட்ரெஸ் எத்தனை மடங்கு குவிகிறது என்ற ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன் மடங்கை வரைபடத்தில் படித்து எடுக்க வேண்டும். 16 மார்க் கேள்வி, நிச்சயம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். படித்தது எல்லாம் எங்கோ இருந்தது. திரையில் ஒரு நிஜ மூலை வந்தபோது அது இதுதான் என்று உறைக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பட்டறையில் உட்கார்ந்து சித்தப்பாவிடம் புலம்பினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். ஃபில்லட் என்ற சொல்லைக் கேட்டதும், "மூலைக்கு ரேடியஸ் உடறதுதானே சாமி?" என்றார். எழுந்து போய் ஸ்கிராப் பெட்டியைக் கிளறி இந்த ஷாஃப்டை எடுத்து வந்தார்.

"இது ஏன் இங்க ஒடஞ்சுது, சொல்லு பாக்கலாம்."

"லோடு ஜாஸ்தியா இருந்திருக்குமுங்க சித்தப்பா."

"லோடெல்லாம் எப்பவும் உள்ளதுதான். கையில வாங்கிப் பாரு."

விட்டம் குறைகிற இடத்தில், பேரிங் உட்காரும் படிக்கட்டில் சரியாக உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பு, அதில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போல் மெல்லிய வரிகள். மிச்சம் கால் பங்கு சொரசொரவென்று உப்புக்கல் மாதிரி. புதிதாக வந்த பையன் ஒருவன் டூலின் மூக்கைக் கூராகத் தீட்டிக் கடைந்துவிட்டானாம். மூலை கத்தி மாதிரி நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் விவசாயி பம்போடு வந்து நின்றார். "வரி வரியாத் தெரியுதில்ல, அது தினமும் கொஞ்சங் கொஞ்சமா விட்டது. சொரசொரன்னு இருக்கறது கடைசி நாளு, பட்டுன்னு போனது." எங்கள் பாடத்தில் அந்த வரிகளுக்குப் பீச் மார்க்ஸ் என்று பெயர். படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது, ஜெராக்ஸில் அதுவும் மங்கிப்போயிருந்தது. ஷாஃப்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சென்னை திரும்பியதும் செய்த முதல் வேலை, கைட்லைனை அச்செடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஏன்' என்று எழுதத் தொடங்கியது. கிராஷில் ஃபில்லட்டை ஏன் நீக்குகிறோம் என்பதற்கே எனக்கு அப்போது விடை தெரியாது. அந்த ஜெர்மன் பொறியாளருக்கே மெயில் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், இரண்டே வரியில் விளக்கிக் கையால் வரைந்த ஒரு படத்தையும் அனுப்பியிருந்தார். விஷயம் இதுதான். மோதல் கணக்கில் கணினி எடுத்துவைக்கும் ஒவ்வொரு நேர அடியும், எஃகில் ஒலி அலை மிகச் சிறிய கட்டத்தைக் கடக்கும் நேரத்துக்குள் இருக்க வேண்டும். எஃகில் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர். 5 மில்லிமீட்டர் கட்டமென்றால் ஒரு மைக்ரோ விநாடி. மோதல் 100 மில்லி விநாடி நடந்தால் ஒரு லட்சம் அடிகள். எங்கோ ஒரு ஃபில்லட்டில் ஒரு கட்டம் 1 மில்லிமீட்டராகக் குறுகினால் மொத்தக் காரின் கணக்கும் ஐந்து லட்சம் அடிகளாகி, அத்தனை மடங்கு நேரம் இழுக்கும். அதனால்தான் கிராஷில் ஃபில்லட்டைத் தியாகம் செய்கிறார்கள். நான்கு வருடம் தினமும் செய்த வேலையின் காரணம் பத்து நிமிடத்தில் புரிந்தது.

என் மேலாளருக்கு அந்த மெயில் பிடிக்கவில்லை. கிளையன்ட்டிடம் நமக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்றார். அவர் கஷ்டம் அவருக்கு, ஒப்பந்தத்தில் எங்களை எல்லாம் அனுபவசாலிகள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் நான் விடவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி, அனுப்பும் ஃபைலோடு சேர்த்தே. "ஓகே, வில் டூ" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுதான் ஆஃப்ஷோர் மரியாதை என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அது எரிச்சல் என்பது பிறகுதான் தெரிந்தது. தலையாட்டுபவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆறு மாதத்தில் அவரே முடிவுப் படங்களை அனுப்பத் தொடங்கினார்: உன் பிராக்கெட் இங்கே சிவந்திருக்கிறது பார், என்ன செய்யலாம்?

இன்னொரு பழக்கம், பாகத்தைத் திறந்ததும் மெஷ் போடுவதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு. பிராக்கெட்டை ஒரு முனை கட்டிய உத்தரமாக நினைத்து எங்கே எவ்வளவு ஸ்ட்ரெஸ் வரும் என்று தோராயமாகப் போடுவேன். விடை இரண்டு மடங்கு தப்பினாலும் பரவாயில்லை. எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று அது காட்டிவிடும். எங்கள் கல்லூரி லேபில் இந்த மென்பொருளுக்குப் பன்னிரண்டு பயிற்சிகள் இருந்தன, எல்லாம் 'இந்தப் பட்டனை அழுத்து, அந்த மதிப்பைக் கொடு' என்று. ரெக்கார்டு நோட்டில் வண்ணப் படம் ஒட்டினால் முழு மார்க். சொல்லிக் கொடுத்த ஆசிரியரும் எம்.இ. முடித்த கையோடு வந்தவர்தான், வேறெங்கும் வேலை கிடைக்கும்வரை. பாவம்.

டி.சி.எல். என்ற சின்ன நிரல்மொழி எங்கள் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. ஒரு முறை புராஜெக்ட் இல்லாமல் ஏழு வாரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் வேறு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அனுப்பினேன், பொய் சொல்வானேன். மிச்ச நேரத்தில், தினமும் அலுத்துச் செய்யும் மூன்று வேலைகளைத் தானாகச் செய்ய மேக்ரோ எழுதினேன். அதற்குப் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. நேரம் குறைந்தால் பில்லும் குறையும் அல்லவா, மணிக்கணக்கில் விற்கிற இடத்தில் வேகம் ஒரு சங்கடம். ஆனால் மென்பொருள் நிறுவனங்கள் தானே மெஷ் போடும் வசதியை ஒவ்வொரு வெளியீட்டிலும் மெருகேற்றிக்கொண்டே வந்தன. நான் சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்த குழு, 2019இல் நான் கிளம்பும்போது ஒன்பது பேர். மிஞ்சிய ஒன்பதில் பெரும்பாலோர், தானியங்கி போட்ட மெஷைப் பார்த்து இது இந்தக் கணக்குக்கு உதவுமா என்று சொல்லத் தெரிந்தவர்கள்.

இப்போது இருப்பது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்த மையம். ஜி.சி.சி. என்கிறார்கள். நாஸ்காம் கணக்குப்படி 2024இல் இந்தியாவில் இப்படி 1,700க்கும் மேல், அவற்றில் 19 லட்சம் பேர். நடுத்துண்டை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கடையையே இங்கே போட்டிருக்கிறார்கள். கேக்கில் பெரிய துண்டு வருகிறது, பாகத்தின் மேல் எந்தச் சுமை எப்படி விழும் என்ற லோடு கேஸை நாமே முடிவு செய்கிறோம், முடிவுக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம். ஆட்களோ துண்டு வேலைக்குப் பழகியே வருகிறார்கள். ரெஸ்யூமேயில் எட்டு மென்பொருள் பெயர் இருக்கும். 25,000 ரூபாய் கட்டிப் படித்த, கணினியில் வரையும் கேட் (CAD) கோர்ஸ் சான்றிதழ் இருக்கும். நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்தபின் அந்தச் சான்றிதழ்களும் சேர்கின்றன. அவற்றில் நல்ல பயிற்சிகள் உண்டு, உட்கார்ந்து படித்தால். ஷாஃப்டை நீட்டினால்தான் சிக்கல்.

இதற்கிடையே கல்லூரிகள் அடுத்த பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை வசதியுள்ள கல்லூரிகளுக்கு 2024இல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகின, மெக்கானிக்கலும் சிவிலும் பல இடங்களில் சுருங்கின. நான் படித்த இடத்தில் லேத் இருந்த கூடத்துக்கு ஏ.சி. போட்டுக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிட்டார்கள். ஐ.டி.யின் சாதாரண நுழைவுச் சம்பளமோ 2011இல் இருந்ததற்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. எல்லோரும் ஒரே கதவில் முட்டினால் கதவுக்காரன் ஏன் ஏற்றுவான்?

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால், கடைசி வருடம் காத்திருக்காமல் இரண்டாம் வருட விடுமுறையிலேயே ஏதாவது ஒரு பட்டறையில் இரண்டு வாரம் நிற்கச் சொல்கிறேன். பெரிய தொழிற்சாலையில் இன்பிளான்ட் ட்ரெயினிங் என்று மஞ்சள் கோட்டுக்குள் நடக்க வைத்து சர்டிஃபிகேட் கொடுத்துவிடுவார்கள். சின்னப் பட்டறையில்தான் கெட்டுப்போன பாகம் திரும்பி வரும், அதன் பின்னாலேயே வசவும் வரும். வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு, தன் துண்டுக்கு முந்தைய துண்டை யார் செய்கிறார், பிந்தையதை யார் செய்கிறார் என்று பெயரோடு தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். டெஸ்டிங், கிளவுட், எது செய்தாலும் இது பொருந்தும். கோபாலில் இருந்த என் அறை நண்பன் அந்த இன்சூரன்ஸ் விதிகளையே கரைத்துக் குடித்தான். மெயின்ஃப்ரேமை அவர்கள் மாற்றும்போது அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களை முதல் மாதத்திலேயே சென்னைப் புதுப்பேட்டைக்கு அழைத்துப் போகிறேன். பழைய கார்களைப் பிரித்து விற்கும் அந்தச் சந்துகளில், திரையில் மட்டும் பார்த்த பாகம் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கும். போன முறை, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் ஒன்று வாங்கினோம். தூக்கியதும் ஒரு பெண் "இவ்வளவு கனமா சார்?" என்றாள். கூகுளில் எடை பார்த்திருந்தாளாம். இரண்டு தகடுகள் சேரும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஐந்து பேரும் கைபேசி டார்ச்சை அடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர், "அது விட்டுப் போனதுப்பா, நல்லதா வேற தரேன்" என்று உள்ளே போகப் பார்த்தார். இல்லண்ணா, விட்டதுதான் வேணும் என்றோம். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடைக்குப் போட்டுக் கொடுத்தார். போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். வண்டிக்கு மாட்ட இல்லை, அறுத்துப் பார்க்கத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் விலை பாதியாகும்.